‘வெட்டலாம்’ என்னும் ஒரு சொல்

அடையாற்றில் உள்ள எங்கள் இல்லத்தில் கிறிஸ்துமஸ் விருந்து முடிந்ததும் ‘இருபத்தெட்டு’ என்னும் சீட்டாட்டம் நடைபெறுவது வழக்கம். நாகர்கோவிலினின்று குடிபெயர்ந்து வந்த என் பாட்டனார் அதன் விதிகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். சீட்டுக்கள் 32. ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ஆக 28 புள்ளிகள். ஏலத்தில் மிகுதியாகக் கேட்டவர் தம் துருப்பை மூடி வைப்பார். இறக்கிய இனம் கையில் இல்லாதவர் அதனைத் திறக்குமாறு கோரலாம். இவ்விடத்திற் பாட்டனார் எழுதியிருப்பது: “திறக்கச் சொன்னவன் துருப்பால் வெட்டலாம்.”

அவர் இருந்தவரை ஐயம் எழவில்லை, அவரே நடுவர். அவர் மறைந்தபின் வந்த முதற் கிறிஸ்துமஸ் அன்று, சிற்றப்பா துருப்பைத் திறக்கச் செய்து, தம் கையில் துருப்பிருந்தும் வேறு சீட்டை இட்டார். “வெட்டியே ஆகவேண்டும்” என்றார் மாமா. “வெட்டலாம் என்றுதானே எழுதியிருக்கிறது?” என்றார் சிற்றப்பா. ஆட்டம் கலைந்தது. ஓராண்டாக இருவரும் முகங்கொடுத்துப் பேசவில்லை.

குறிப்பேட்டின் தாள்கள் உதிரத் தொடங்கவே, புதுப்படி எழுதும் பொறுப்பு, தமிழ் பயில்பவன் என்ற காரணத்தால், என்மீது விழுந்தது. ‘லாம்’ என்பதை நீக்கி ‘வேண்டும்’ என்று எழுதிவிட விழைந்தேன். வெட்டும் எண்ணமின்றிப் பிறர் மறைத்ததை அறிந்துகொள்வது நேர்மையன்று என்பது என் கருத்து. ஆயினும் பாட்டனாரின் கருத்தும் அதுதானோ, யான் அறியேன். என் கருத்தை அவர் கையெழுத்தாக்குதல் பொய்யன்றோ?

1894இல் புறநானூற்றை அச்சிட்ட உ. வே. சாமிநாதையர், ஏடுகள் வேறுபட்ட இடங்களில் அவ்வேறுபாடுகளையும் குறித்து வைத்தார். அவர் பெயரால் 1943இல் நிறுவப்பெற்ற நூல்நிலையம் எங்கள் இல்லத்திற்கு அண்மையில், பெசன்ட் நகரிலே உள்ளது. அவ்வழிச் செல்லுந்தோறும் என் எண்ணம் எனக்கே நாணத்தைத் தந்தது.

எனினும், செய்யுளுக்கு இருபொருள் அழகு தரலாம், விதிக்கு ஆகாது. பிரிட்ஜ் ஆட்டத்தின் 2017ஆம் ஆண்டு விதிநூல், ‘செய்யலாம்’ எனின் செய்யாமை பிழையன்று, ‘செய்தே தீரவேண்டும்’ எனின் மீறுதல் பெரும்பிழை என முன்னுரையிலேயே வரையறுக்கின்றது.

ஆதலின் இருவரையும் தனித்தனியே கண்டேன். “இனி எப்படி ஆடுவோம்?” என்று மட்டும் வினவினேன். சிற்றப்பா நெடுநேரம் வாளாவிருந்து, “இனி வெட்டியே ஆடுவோம், அன்று நான் செய்தது தவறென்று மட்டும் எழுதாதே” என்றார். மாமாவும் இசைந்தார்.

புதுப்படியிற் பாட்டனாரின் வரி எழுத்து மாறாமல் இருக்கின்றது. அதன்கீழ், “இவ்வாண்டு முதல் வெட்டவேண்டும் என்பது எங்கள் உடன்பாடு” என்று எழுதியுள்ளேன். கையெழுத்திட இரண்டு இடங்கள் விட்டிருக்கின்றேன். அவற்றை ஒரே மேசையில் அமர்ந்து நிரப்பவேண்டும் என்பது யான் சேர்த்த விதி.