வெள்ளைப் பட்டையில் எழுதாதீர்கள்

உங்கள் செக் புத்தகத்தை ஒரு நிமிடம் எடுங்கள். எழுத வேண்டாம், பார்த்தால் போதும். மேலே பேங்க் பெயர், லோகோ, கலர் டிசைன். அடியில் ஒரு வெள்ளைப் பட்டை, அதில் ஒரு மாதிரியான எழுத்தில் சில எண்கள். அழகாக இருக்காது. ஏனென்றால் அது நமக்காக அச்சடித்ததே இல்லை. மிஷினுக்காக!

எம்.ஐ.சி.ஆர். என்பார்கள். காந்த மை. அதில் ஒன்பது இலக்கம்: முதல் மூன்று ஊர் (சென்னைக்கு 600), அடுத்த மூன்று பேங்க், கடைசி மூன்று கிளை. பேங்க்காரர்கள் லோகோவை மாற்றலாம், கலரை மாற்றலாம். அந்தப் பட்டையில் மட்டும் இஷ்டத்துக்கு வரிசையை மாற்றினால் தீர்ந்தது கதை.

மனிதனுக்கு ஒரு முகம், மிஷினுக்கு ஒரு முகம். சாஃப்ட்வேர் உலகத்திலும் இதே விவகாரம்தான்.

கம்ப்யூட்டர் ஆசாமிகளின் கறுப்புத் திரையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கட்டளையைத் தட்டினால் பதில் வரும். அதை மனிதன் படித்தால் பிரச்னை இல்லை. பல நேரம் படிப்பது இன்னொரு புரோகிராம். 1973-ல் பெல் லேப்ஸில் யூனிக்ஸுக்கு 'பைப்' வந்தது. ஒரு புரோகிராம் கக்குவதை இன்னொன்று விழுங்கும்.

விழுங்குகிறதே, அதற்குப் பொது அறிவு கிடையாது. 'கல்யாண போட்டோ' என்று ஒரு ஃபைலுக்குப் பெயர் வைத்தால் நமக்கு அது ஒன்று. இடைவெளியைப் பார்த்துப் பிரிக்கிற புரோகிராமுக்கு 'கல்யாண' ஒன்று, 'போட்டோ' இன்னொன்று. சிரிக்காதீர்கள். 2001 நவம்பரில் ஆப்பிளின் ஐடியூன்ஸ் 2 இன்ஸ்டாலர், டிஸ்க் பெயரில் இருந்த இடைவெளியில் தடுக்கி விழுந்து, சிலருடைய டிஸ்க்கையே துடைத்துவிட்டது. பாட்டு கேட்க ஆசைப்பட்டது ஒரு குற்றமா?

2005-ல் லினக்ஸ் புகழ் லைனஸ் டோர்வால்ட்ஸ் 'கிட்' என்ற மென்பொருளை எழுதினார். யார், எந்த ஃபைலில், எதை மாற்றினார்கள் என்று கணக்கு வைக்கும் சமாசாரம். 'என்ன நிலவரம்?' என்று கேட்டால் கலர் போட்டு, முழு வாக்கியமாக, கூடவே ஆலோசனையும் சொல்லும். ஜெர்மன் செட்டிங்கில் ஜெர்மனில் பேசும். வெர்ஷன் மாறினால் வாக்கியமும் மாறலாம். அந்த வாக்கியத்தை நம்பின புரோகிராம் அன்றைக்கு கோவிந்தா!

அதனால் ஒரு ஏற்பாடு. கட்டளையோடு 'போர்சலின்' என்று ஒரு வார்த்தை சேர்த்தால் கிட் அலங்காரத்தையெல்லாம் கழற்றி வைத்துவிடும். இரண்டு எழுத்துக் குறியீடு, ஒரு இடைவெளி, ஃபைல் பெயர். அவ்வளவுதான். எந்த வெர்ஷனிலும், யாருடைய செட்டிங்கிலும் இது மாறாது என்று கையேட்டிலேயே வாக்கு கொடுத்திருக்கிறார்கள். 2016-ல் கூடுதல் விவரம் தரவேண்டி வந்தபோதும் பழையதைத் தொடவில்லை. 'வெர்ஷன் 2' என்று தனியாகக் கொடுத்தார்கள். கேட்டவனுக்குப் புதுசு, கேட்காதவனுக்குப் பழசு. கிட்டத்தட்ட அதே வெள்ளைப் பட்டை!

வாக்கு கொடுக்க முடியாவிட்டால் அதையாவது சொல்லிவிட வேண்டும். டெபியன் லினக்ஸில் 'ஆப்ட்' கட்டளையின் பதிலை வேறொரு புரோகிராமுக்குத் திருப்பிவிட்டால், 'என் பேச்சு நிலையானதல்ல, ஜாக்கிரதை' என்று அதுவே எச்சரிக்கும். அரசியல்வாதிகள் யாரும் இவ்வளவு நேர்மையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் பி.காம். படித்தவன். இந்த விஷயம் எனக்கு ரொம்பப் பழசாகத்தான் தெரிகிறது. 1494-ல் வெனிஸில் லூகா பச்சோலி கணக்குப் புத்தகத்தைப் பற்றி அச்சிட்டார். டெபிட் இடது பக்கம், கிரெடிட் வலது பக்கம். ஐந்நூறு வருஷத்துக்கு மேலாகியும் யாரும் 'கொஞ்சம் மாடர்னா மாத்திப் பார்ப்போமே' என்று கிளம்பவில்லை. அதனால்தான் யாரோ எழுதிய லெட்ஜரை, அவரைப் பார்க்காமலே, இன்னொருவர் ஆடிட் செய்ய முடிகிறது.

நீங்கள் புரோகிராம் எழுதுகிறவராக இல்லாமல் இருக்கலாம். மாதாமாதம் ஆபீசுக்கு ஒரு எக்செல் ஷீட் அனுப்புகிறவராக இருந்தாலும் சரி, ஒரு வேண்டுகோள். புதுசாக ஒரு காலம் வேண்டுமென்றால் கடைசியில் சேருங்கள். நடுவில் நுழைக்காதீர்கள். அந்தப் பக்கம் படிப்பது மனிதன் என்றால், 'என்ன சார், காலம் மாறியிருக்கே?' என்று போன் போட்டுக் கேட்பான். மிஷின் கேட்காது. சம்பளம் இருந்த இடத்தில் வயசைப் படித்துக்கொண்டு, பேசாமல் அடுத்த வேலைக்குப் போய்விடும்.