சனிக்கிழமைக் கணக்கு

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். பனியன் கம்பெனிகளில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்களுக்கு வாரக் கூலி அன்று மாலைதான் கைக்கு வரும். அந்தக் கூலியைக் கணக்குப் போடும் மென்பொருளை விற்கிற நாலு பேர் கம்பெனி ஒன்று, பி.என். ரோடு பக்கம் ஒரு மாடியில் இருக்கிறது. நான் போய்ச் சேர்ந்தது ஒரு சனிக்கிழமை மதியம். வாங்க என்று சொல்லக்கூட ஆளில்லை. நாலு பேர் காதிலும் போன்.

"அக்கா, அந்த ஸ்டைலுக்குப் புதன்கிழமை ரேட் ஏத்துனீங்களா? அதுக்கு முன்னாடி தைச்சதுக்குப் பழைய ரேட்தானுங்களே? இருங்க, நானே உள்ள வந்து மாத்தித் தர்றேன்."

பேசிய பெண் புரோகிராம் எழுத வேலைக்குச் சேர்ந்தவர். சனிக்கிழமைகளில் அதைத் தொடுவதே இல்லை என்றார்.

"வருமானம் வர ஆரம்பிச்சிருச்சுங்க" என்று சொல்லித்தான் நிறுவனர் என்னை அழைத்திருந்தார். அப்பா பவர் டேபிள் தையல் மெஷின் போட்டு ஜாப் வொர்க் செய்தவர். மகனுக்குக் கூலி நோட்டின் சிக்கல் சின்ன வயதிலேயே தெரியும். சர்வர் வாடகைதான் பெரிய செலவாக இருக்கும் என்று நினைத்துக் கேட்டேன். சிரித்தார். "அது பெட்ரோலுக்குக் கீழதானுங்க."

ஒரு பில்லை எடுத்து வைத்தார். ஒரு லட்ச ரூபாய், அதற்குமேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். பில் போட்டாலே வரிக் கணக்கு ஓடத் தொடங்கிவிடும்; அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் 18,000 ரூபாய்க்குக் கணக்குச் சொல்ல வேண்டும், பணம் வந்தாலும் வராவிட்டாலும். வரும்போதும் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டுதான் வரும். அந்தப் பத்தாயிரம் வருமான வரிக் கணக்கு முடித்துத் திரும்பும்வரை ஏட்டில் மட்டும் இருக்கும். சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறதே என்றேன்.

"இருக்குதுங்க. அதைக் காட்டி லெட்டர் போட்டா, அடுத்த வருசம் ரினியூவல் இருக்காதுங்க."

பிறகு அவரிடம் வேலை பார்க்கும் பையனோடு, 'பையன்' என்றாலும் முப்பதை நெருங்கியவர், வண்டியில் அனுப்பர்பாளையம் போனேன். தைப்பு யூனிட்டில் கணக்கு எழுதும் தம்பிக்குப் பயிற்சி. அந்த நாற்காலியில் இவர் மூன்றாவது ஆளாம். தீபாவளி போனஸ் வாங்கியதும் முந்தையவர் நின்றுவிட்டார். அவரோடு மென்பொருள் தெரிந்த தலையும் போய்விட்டது. முதல் பயிற்சிக்குப் பில் உண்டு. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் கிடையாது. கேட்டால் ஓனர், "சாப்ட்வேர் நல்லா இருந்தா எதுக்கு டிரெய்னிங்?" என்பாராம். எனக்கென்னவோ அந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருப்பதாகவே பட்டது.

இதில் எதுவும் வருமானக் கணக்கில் தெரிவதில்லை. நிறுவனர் தனக்குச் சம்பளம் எடுப்பதில்லை. வீடு மனைவியின் பள்ளிக்கூடச் சம்பளத்தில் ஓடுகிறது. அதையும் செலவில் எழுதிவிட்டு அப்புறம் லாபம் என்று சொல்லுங்கள் என்றேன். "எழுதுனா கையி நடுங்குமுங்க" என்றார்.

தைப்பு யூனிட்டில் ஆறரை மணிக்குப் பிரிண்டரிலிருந்து கூலிச் சீட்டுகள் வரத் தொடங்கின. ஓவர்லாக் போடும் ஒரு அக்கா சீட்டை வாங்கி, இடுப்பிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்து ஒப்பிட்டார்.

"தம்பி, பதினோரு பீஸ் குறையுதே."

பையன் மறுபடி உட்கார்ந்தார். வியாழக்கிழமை பண்டில் ஒன்று வேறொருவர் பெயரில் ஏறியிருந்தது. நோட்டுதான் சரி. அதைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை அக்கா மெஷின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.