கமலா வழிகாட்டிய மலை

கேளம்பாக்கத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் புறப்படுகிறவர்கள் முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தாண்ட வேண்டும். கேளம்பாக்கம் இருப்பது பழைய மகாபலிபுரம் சாலையில். வெளியூர்ப் பேருந்துகள் கிளம்பும் கிளாம்பாக்கம் இருப்பது ஜி.எஸ்.டி. சாலையில், வண்டலூரை ஒட்டி. 2023 டிசம்பர் 30 அன்று அங்கே புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டதிலிருந்து, இரண்டு ஊரையும் மாற்றிச் சொல்லி அலைகிறவர்கள் அதிகம். நடுவில் இருப்பது சுமார் 18 கிலோமீட்டர் நீளமுள்ள வண்டலூர் - கேளம்பாக்கம் சாலை.

கேளம்பாக்கத்தின் நிலமே இரண்டு உலகமாகப் பிரிந்து கிடக்கிறது. கிழக்கே பக்கிங்காம் கால்வாய், கோவளம் கழிமுகம், உப்பளங்கள். குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும் நீர்ப்பரப்பு அது. மேற்கிலும் தெற்கிலும் தையூர் ஏரியும், மிச்சமிருக்கும் வயல்களும். வடக்கே சிறுசேரி சிப்காட், அதைச் சுற்றி அடுக்குமாடி வீடுகள். நெல் விளைந்த நிலம் மனையாகி, மனை மாடியாகிவிட்ட ஊர்களில் ஒரு காட்சி வழக்கமாகிவிட்டது. நிலத்தை விற்ற குடும்பம் வாடகைக் குடியிருப்புக்குப் போய்விடும். மாடு விற்கப்படும், கோழி விற்கப்படும். நாயை யாரும் வாங்க மாட்டார்கள். அது பழைய வீட்டுவாசலிலேயே படுத்துக் கிடக்கும். சில நாளில் தெருநாய் என்ற பெயர் வாங்கிவிடும். வேகமான சாலை பக்கத்தில் இருந்தால் அதன் ஆயுள் அதிக நாள் இருக்காது.

அப்படி ஒரு நாய் இறந்தால் வீட்டில் யாராவது கண் கலங்குவார்கள். "நாய்க்குப் போய் அழுவாங்களா?" என்று இன்னொருவர் கேட்பார். இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டு மண்ணிலேயே பதில் இருக்கிறது. அதுவும் ஒரே மாவட்டத்தில் இரண்டு இடங்களில்.

வண்டலூர் தாண்டி, செங்கல்பட்டு, மதுராந்தகம், திண்டிவனம் வரை நெடுஞ்சாலை. திண்டிவனம் என்றதும் நிலக்கடலை விவசாயிகளுக்கு டி.எம்.வி. ரகங்கள் நினைவுக்கு வரும். அந்த எழுத்துகளே திண்டிவனத்தைக் குறிப்பவைதான். அங்குள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த பெயர் அது. அங்கிருந்து மேற்கே திரும்பினால் செஞ்சிக் கோட்டை, பிறகு அண்ணாமலை. எல்லாம் சேர்த்து நான்கு மணி நேரம் ஒதுக்கிக்கொள்வது நல்லது.

நான்கு சமாதிகள்

திருவண்ணாமலையில் செங்கம் சாலையில் ரமணாசிரமம் இருக்கிறது. ரமணர் இந்த ஊருக்கு வந்தது 1896 செப்டம்பர் 1 அன்று. 1950 ஏப்ரல் 14 அன்று மறையும் வரை அவர் ஊரை விட்டு வெளியே போகவில்லை. ஆசிரம வளாகத்தில், மலைக்குப் போகும் பின்பக்க வழிக்கு அருகில், நான்கு சிறிய சமாதிகள் இருக்கின்றன. ஒன்று லட்சுமி என்ற பசுவுக்கு. அவள் இறந்தது 1948 ஜூன் 18. மற்றவை வள்ளி என்ற மானுக்கும், ஒரு காகத்துக்கும், ஜாக்கி என்ற நாய்க்கும் உரியவை.

ஜாக்கி குட்டியாக இருந்தபோதே ஆசிரமத்துக்கு வந்தவன். மற்ற நாய்களோடு சேர்ந்து சுற்ற மாட்டான், விளையாட மாட்டான். ரமணர் எதிரில் வந்து அவர் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவான். முன்னால் சாப்பாடு வைத்தாலும், பந்தியில் எல்லோரும் கை வைக்கும் வரை அவன் வாய் வைக்க மாட்டான் என்று ஆசிரமத்தில் சொல்வார்கள். கடைசியில் நோயில் விழுந்தபோது மெத்தென்று படுக்கை போட்டு, ரமணரே பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார். இறந்த பிறகு ஆசிரமத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள்.

விரட்டியும் போகாத கமலா

சமாதிகளைப் பார்த்துவிட்டுப் பின்பக்கமாகப் போனால் மலைப்பாதை தொடங்குகிறது. கல் பாவிய பாதை. அரைமணி நேரம் ஏறினால் கந்தாசிரமம். மரநிழலும் சுனைநீரும் உள்ள இடம். ரமணர் 1916 முதல் 1922 வரை இங்கே இருந்தார். கமலாவின் கதை இந்த இடத்துக்கு உரியது.

கமலா குட்டியாக இருக்கும்போது தானாக வந்து சேர்ந்தவள். வளர்ந்தால் வருடாவருடம் குட்டி போட்டு இடத்தை நிரப்பிவிடுவாள் என்று பயந்து, அங்கிருந்தவர்கள் அவளைத் துரத்திப் பார்த்தார்கள். பெட்டைக் குட்டி என்றாலே வேண்டாம் என்று சொல்கிற வீடு இன்றும் எந்த ஊரிலும் உண்டு. கமலா போகவில்லை. அவர்கள் பயந்தபடியே ஒரு பெரிய நாய்க் குடும்பமும் உண்டானது. ஆனால் அதற்குள் அவர்கள் மனமும் மாறியிருந்தது. முதல் பிரசவத்தின்போது அவளைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, நெற்றியில் குங்குமம் வைத்து, சுத்தமான இடம் ஒதுக்கினார்கள். குட்டிகளோடு பத்து நாள் அங்கே இருந்தாள். பத்தாம் நாள் தீட்டுக் கழித்து விருந்தும் நடந்தது.

கமலாவுக்கு ஒரு தனி வேலை இருந்தது. புதிதாக யாராவது வந்தால், இவரைக் கூட்டிப் போய் எல்லாம் காட்டு என்று ரமணர் அவளிடம் சொல்வார். அவள் முன்னால் நடப்பாள். மலையைச் சுற்றியுள்ள சந்நிதி, குளம், குகை என்று ஒவ்வொன்றாகக் காட்டித் திரும்ப அழைத்து வருவாள். விரட்டப்பட்ட குட்டி, வருகிறவர்களுக்கு வழிகாட்டியானது.

அதற்கும் முன்பு, ரமணர் விருபாட்ச குகையில் இருந்த 1899 முதல் 1916 வரையான காலத்தில் வந்தவன் சின்னக் கருப்பன். முழுக் கறுப்பு. யாரோடும் சேராமல் புதருக்குள்ளேயே இருப்பான். அவன் போக்கில் விட்டுவிட்டு, சோற்றை மட்டும் அவன் இருக்கும் பக்கம் வைத்துவிட்டு வருவார்கள். ஒருநாள் வழியில் பாய்ந்து வந்தான், கூட்டத்தில் ரமணரை மட்டும் அடையாளம் கண்டு வாலை ஆட்டிக் குதித்தான். அன்றிலிருந்து அவன் ஆளே வேறு. வருகிறவர் யாராக இருந்தாலும் மடியில் ஏறிப் படுப்பான். தள்ளிவிட்டாலும் விட மாட்டான். பயந்த நாயை அவசரப்படுத்தாமல் சோறு வைத்துக் காத்திருந்தால் அது தானாக வரும் என்பதை நாய் வளர்த்தவர்கள் அனைவரும் அறிவார்கள்.

அது, அவன், அவள்

ரமணர் பேச்சில் ஒரு வழக்கம் இருந்தது. விலங்குகளை அவர் 'அது' என்று சொல்ல மாட்டார். 'அவன்', 'அவள்' என்பார். பிள்ளைகளுக்குச் சாப்பாடு ஆயிற்றா என்று அவர் கேட்டால், நாய்களைத்தான் கேட்கிறார் என்று பொருள். ஆசிரமத்தில் நாய்களுக்குத்தான் முதலில் சோறு வைக்க வேண்டும். பிறகு இல்லாதவர்களுக்கு, அதன் பிறகே மற்றவர்களுக்கு.

இலக்கணத்தில் நாயும் மாடும் அஃறிணை. ஆனால் உழவர் வீட்டில், "அவனுக்குத் தண்ணி காட்டினியா?" என்று காளையைப் பற்றியும், "அவ இன்னைக்கு சரியா தின்னல" என்று பசுவைப் பற்றியும் பேசுவது புதிதல்ல. பெயர் வைத்த பிறகு 'அது' என்ற சொல் வாயில் வருவதில்லை.

எருமைக்காக நின்ற கோவிவன்

திருவண்ணாமலைக்குத் தென்மேற்கே தண்டராம்பட்டு வட்டாரம். தென்பெண்ணை மேல் கட்டிய சாத்தனூர் அணை உள்ள பகுதி. இந்த வட்டாரத்து எடுத்தனூரில் கண்டறியப்பட்ட நடுகல் ஒன்று தமிழக வரலாற்றில் தனி இடம் பெற்றது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது 7-ஆம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரன் தன் எருமைகளைக் காக்கப் போராடி உயிர்விட்டதற்காக எடுத்த கல். கல்லில் வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்வர்களைக் கடித்துக் காவல் நின்றது என்றும் எழுத்திலேயே பொறித்திருக்கிறார்கள்.

இதைக் கால்நடை வைத்திருப்பவர் கண்ணால் பார்க்க வேண்டும். எருமை அந்தக் குடும்பத்தின் சொத்து. அதைக் காத்ததில் நாய்க்கும் பங்கு இருந்தது. அந்தப் பங்கை மறைக்காமல், பெயரோடு எழுதினார்கள். சுமார் 1,400 ஆண்டுகளாக அந்தப் பெயர் நிற்கிறது. கர்நாடகத்தில் மண்டியா மாவட்டம் ஆதகூரிலும் இப்படி ஒரு கல் உண்டு. 10-ஆம் நூற்றாண்டில் காட்டுப்பன்றியோடு மோதி இறந்த காளி என்ற நாய்க்காக நட்டது அது.

ஆகவே நாய்க்காக அழுவது பட்டணத்திலிருந்து வந்த புதுப் பழக்கம் அல்ல.

இன்று செய்ய வேண்டியது

கல் நட வேண்டியதில்லை. முறையாக அடக்கம் செய்தால் போதும். இறந்த நாயை ஏரியிலோ வாய்க்காலிலோ சாலையோரத்திலோ போடக் கூடாது. கிணறு, ஆழ்துளைக் குழாய், நீரோடை ஆகியவற்றிலிருந்து தள்ளி, மேட்டு நிலத்தில் 4 அடிக்குக் குறையாமல் குழி எடுக்க வேண்டும். கையுறை அணிந்து உடலை இறக்கி, சுண்ணாம்புத் தூள் தூவி, மண்ணை நன்றாக மிதித்து மூட வேண்டும். கேளம்பாக்கம் பக்கத்துக் கழிமுகத்தை ஒட்டிய நிலங்களில் சில அடியிலேயே நீர் ஊறும். அங்கே குழி வெட்டாமல் உயரமான இடம் பார்க்க வேண்டும். மேலே வேப்பங்கன்றோ புங்கங்கன்றோ வைத்தால் பிள்ளைகளுக்கு ஓர் ஆறுதல்.

சாவதற்கு முன் நாய் காரணமில்லாமல் கடித்திருந்தாலோ, எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல், நடை தள்ளாடி இருந்தாலோ வெறிநோயாக இருக்கலாம். அப்போது உடலைத் தொடாமல் கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். கடியோ கீறலோ பட்டவர், எச்சில் காயத்தில் பட்டவர், அந்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். நாள் தள்ளக் கூடாது. நோய் வெளிப்பட்டுவிட்டால் காப்பாற்ற வழியில்லை.

வயலில் எலிக்கு வைக்கும் துத்தநாக பாஸ்பைடு உருண்டைகளும் பல நாய்களைக் கொல்கின்றன. இந்த விஷத்துக்கு நேரடி மாற்று மருந்து கிடையாது. உருண்டையை வளைக்குள் வைத்து அடைப்பதும், செத்த எலிகளைப் பொறுக்கிப் புதைப்பதும், அந்த நாட்களில் நாயைக் கட்டிவைப்பதும் அவசியம்.

கமலாவை விரட்டியவர்களின் பயத்துக்கு இன்று தீர்வு இருக்கிறது. கருத்தடை செய்தால் பெட்டைக் குட்டியையும் கவலையின்றி வளர்க்கலாம். மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் ஊக்க ஊசி, அதன்பின் ஆண்டுதோறும் ஒன்று. செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம். அதையொட்டிப் பல ஊர்களில் முகாம் நடக்கும். நாயைக் கொண்டுபோக முடியாத அவசரத்தில் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவி கேட்கலாம்.

நிலத்தை விற்று வீடு மாறுகிறவர்கள், சாமான் பட்டியல் போடும்போதே நாயின் பெயரையும் அதில் எழுதிவிட வேண்டும். புது வீட்டில் இடமில்லை என்றால், போவதற்கு முன்பே உறவிலோ அக்கம்பக்கத்திலோ அவனை ஏற்கும் ஒரு வீட்டைப் பார்த்துவைப்பது அந்தக் குடும்பத்தின் பொறுப்பு.