கொள்ளிடக் கரையிலே குதிரை முட்டை

செய்தித்தாளை விரித்தவுடன் நம்மில் பலருடைய கண்கள் நாடுவது முதற்பக்கத்துக் கொட்டை எழுத்துத் தலைப்புகளை அல்ல. உள்பக்கத்தின் ஒரு மூலையில் கட்டம் கட்டி வெளியிடப்பெறும் விநோதச் செய்திகளையே. ஆசுபத்திரிக்கு வந்த சிறுத்தை, குளித்துக் கொண்டிருந்தவருக்குத் துணையாக வந்த முதலை, ஏரி வெட்டும்போது கிடைத்த அதிசய முட்டை என்று அவை வகைவகையாக வரும். படித்துச் சிரிக்கிறோம்; பக்கத்திலிருப்பவரிடம் நீட்டுகிறோம்; காப்பி ஆறுவதற்குள் மறந்தும் விடுகிறோம். ஆயின், இத்தகைய செய்திகள் பிறந்த மண்ணை நேரில் மிதித்துப் பார்த்தால், அந்தச் சிரிப்புக்கு அடியில் எத்தனை செய்தி புதைந்து கிடக்கிறது என்பது விளங்கும். அந்த எண்ணத்துடன்தான் நாம் திருமழபாடிக்குப் பயணமானோம்.

அரியலூரிலிருந்து தஞ்சைக்குச் செல்லும் சாலையில் வாரணவாசி, கீழப்பழுவூர் ஆகிய ஊர்களைத் தாண்டித் தென்மேற்கே திரும்பினால், கொள்ளிடத்தின் வடகரையில் அமைந்திருக்கிறது திருமழபாடி. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகளின் புழுதி பின்னே ஒதுங்க, வயலும் வாழையும் முன்னே வந்து வரவேற்கின்றன. ஊரின் நடுவே மூவர் தேவாரமும் பெற்ற வைத்தியநாத சுவாமி கோயில். அதன் தெற்கே அகன்று கிடக்கும் ஆறு. காவிரி கொள்ளாத வெள்ளத்தைக் கொள்ளும் இடம் ஆதலின் அதற்குக் கொள்ளிடம் என்று பெயர். வெள்ள காலத்தில் கடல் போலத் தோன்றும் அதே ஆறு, மாசி பங்குனியில் மணற்பரப்பாக மாறி, நடுவே நூல் இழை போல நீரோட்டத்தை மட்டும் காட்டி நிற்கிறது.

விலங்குகளைப் பற்றிய கதைகள் இவ்வூருக்குப் புதியவை அல்ல. ஆண்டுதோறும் பங்குனியில் இங்கு நடைபெறும் நந்தி திருமணம் பெயர்பெற்றது. திருவையாற்றிலிருந்து மாப்பிள்ளை அழைப்பு ஆற்றைக் கடந்து வருகிறது. மணமகள் சுயசாம்பிகையின் தந்தை, புலிக்கால் பெற்ற வியாக்ரபாத முனிவர் என்பது தலவரலாறு. காளை முகம் கொண்ட மருமகனும் புலிக்கால் கொண்ட மாமனாரும் ஒரே பந்தலில் அமரும் திருமணம் வேறெங்கே உண்டு? நந்தி கல்யாணம் கண்டால் முந்திக் கல்யாணம் என்பது இப்பக்கத்து மக்களின் வழக்கு. மகளுக்கு வரன் அமையாத கவலையில் எத்தனையோ பெற்றோர் அந்த நாளில் இந்த மணலில் வந்து நிற்கிறார்கள்.

சிறுத்தையின் சுற்றுப்பயணம்

புலிக்கால் முனிவரின் கதை இருக்கட்டும். மெய்யாகவே புலிக் குலத்தைச் சேர்ந்த ஒரு விருந்தாளி இப்பகுதியைக் கலக்கிய செய்தியைச் சொல்கிறோம்.

2024 ஏப்ரல் மாதத் தொடக்கம். நாடாளுமன்றத் தேர்தல் பிரசாரம் உச்சத்தில் இருந்த வேளை. மயிலாடுதுறை நகரத்தின் தெருவில் இரவு நேரத்தில் சிறுத்தை ஒன்று நடந்து சென்றது கண்காணிப்புக் கேமராவில் பதிந்தது. காடும் மலையும் இல்லாத நெல்வயல் நாட்டில் சிறுத்தையா என்று முதலில் நகைத்தவர்கள், கால்தடங்களை வனத்துறையினர் உறுதி செய்ததும் கதவைத் தாழிட்டுக் கொண்டார்கள். பள்ளிகள் சிலவற்றுக்கு விடுமுறை விடப்பட்டது. கூண்டுகள் வைத்தார்கள், தானியங்கிக் கேமராக்களைப் பொருத்தினார்கள், ஆகாயத்தில் டிரோன்களையும் பறக்கவிட்டார்கள். சிறுத்தையோ யாருக்கும் பேட்டி அளிக்கவில்லை. பிறகு, ஏப்ரல் 11ஆம் நாள் இரவு, அரியலூர் மாவட்டம் செந்துறை அரசு மருத்துவமனை வளாகத்தில் சிறுத்தை ஒன்று தோன்றியது! அங்கும் கேமராவில் பதிவு, அங்கும் பரபரப்பு. பிறகு அது கூண்டில் அகப்படாமலேயே கண்ணுக்கு மறைந்தது.

மயிலாடுதுறை கொள்ளிடத்துக்குத் தெற்கே, செந்துறை வடக்கே. நேர்கோட்டில் அளந்தாலும் இடையே 50 கிலோமீட்டருக்குக் குறையாது. இரண்டும் ஒரே சிறுத்தையானால், அது இந்தக் கொள்ளிட மணலை எங்கோ ஓரிடத்தில் இரவோடிரவாகக் கடந்திருக்க வேண்டும். இதைக் குறித்துத் திருமழபாடித் துறையில் ஆடு மேய்த்துக் கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். அவர் தலைத்துண்டை அவிழ்த்து உதறியபடியே, "தேர்தல் சமயத்திலே நம்ம பக்கம் வராதவங்க யாருங்க ஐயா? அதுவும் ஒரு சுற்று வந்து பார்த்திட்டுப் போயிருக்கும். மத்தவங்க மாதிரி அதுவும் அப்புறம் வரலை" என்றார். நாம் வாய்விட்டுச் சிரித்தோம். சிரிப்பு அடங்கியபின் அவரே, "ஆனா அந்தப் பத்து நாளும் ராத்திரி ஆட்டுப்பட்டியிலே நான் தூங்கலீங்க" என்று மெல்லச் சொன்னார்.

நகரத்தில் இருப்போருக்கு வேடிக்கைச் செய்தியாக இருப்பது, நாலு ஆட்டை நம்பிக் குடும்பம் நடத்துபவருக்குப் பத்து இரவுகளின் உறக்கம். சிறுத்தைக்கும் அது உல்லாசப் பயணமாக இருந்திருக்காது. பகலெல்லாம் புதரிலும் ஓடையிலும் பதுங்கி, இரவில் மட்டும் வெளியே வரும் அந்த விலங்கு, விளக்கும் கூச்சலும் மிகுந்த ஊர்களுக்கு நடுவே வழி தேடித் தவித்திருக்கும். கூட்டம் கூடித் துரத்தியிருந்தால் அதற்கோ மனிதருக்கோ உயிர்ச்சேதம் நேர்ந்திருக்கும். மக்கள் வீட்டுக்குள் இருந்ததும் வனத்துறையினர் பொறுமையாகத் தேடியதும் நன்மையாக முடிந்தன.

ஆற்றின் பழைய குடிகள்

கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் மற்றொரு பழங்குடி வாழ்கிறது. அதுதான் நன்னீர் முதலை. 1836ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் கட்டுவித்த கீழணை அமைந்துள்ள அணைக்கரைப் பகுதியிலும், அங்கிருந்து சிதம்பரம் வட்டாரம் வரையிலும் முதலைகள் உண்டு. மழைக்காலத்தில் ஆறும் வாய்க்காலும் ஒன்றாகிப் பெருகும்போது அவை குளம் குட்டைகளுக்குள்ளும், சில சமயம் வீட்டுக் கொல்லைக்குள்ளும் வந்துவிடுகின்றன. வனத்துறையினர் வந்து, வாயையும் காலையும் கட்டி, மாப்பிள்ளையைப் போலத் தூக்கிச் சென்று, வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் கொண்டுபோய் விடுவார்கள். மறுநாள் பத்திரிகையில் படம் வரும்.

முதலையைப் பற்றி நாம் அறிந்ததெல்லாம் அதன் பொய்க் கண்ணீர் மட்டுமே. அதன் தாயன்பை அறிந்தவர் சிலர். கோடையில் கரையோர மணலைத் தோண்டி முட்டையிடும் தாய், ஏறத்தாழ இரண்டு மாத காலம் அந்த இடத்தைவிட்டு அகலாமல் காவல் காக்கிறது. குஞ்சுகள் உள்ளிருந்து குரல் கொடுத்ததும் மணலைக் கிளறி அவற்றை வெளியே எடுத்து, எருமையையும் கடித்து இழுக்கவல்ல அதே வாயில் மெதுவாகக் கவ்வித் தண்ணீருக்குக் கொண்டு செல்கிறது. மணல் இல்லையேல் அதற்குத் தொட்டில் இல்லை. மணல் இல்லையேல் கரையோர ஊர்களின் கிணற்றில் ஊற்றும் இல்லை. ஆற்று மணலை அள்ளிக் கொண்டுபோவதால் முதலையும் மனிதனும் ஒரே நஷ்டத்தைத்தான் அடைகிறார்கள்.

இதற்காக முதலையுடன் உறவு கொண்டாட வேண்டும் என்று சொல்லவில்லை. எச்சரிக்கைப் பலகை உள்ள துறையில் குழந்தைகளை இறங்க விடலாகாது. மாலை மங்கியபின் ஆழமான மடுவில் குளிக்கலாகாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதலைக்குக் காவல் அளிக்கிறது. அணைக்கரையில் முதலைப் பாதுகாப்பு மையம் அமைக்கும் திட்டத்தைத் தமிழக அரசும் அறிவித்திருக்கிறது. மனிதரின் உயிருக்கும் அதே அளவு கவனத்துடன் காவல் வேண்டும் என்பதே கரையோர மக்களின் நியாயமான வேண்டுகோள்.

குன்னத்து முட்டைகள்

இனி முட்டைக் கதைக்கு வருவோம். 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் நீர்நிலையைத் தூர்வாரும்போது, உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் வெளிப்பட்டன. "டைனோசர் முட்டை!" என்று எவரோ ஒருவர் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். கைப்பேசிகள் வழியாக அச்செய்தி நாடெங்கும் பரவியது. மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்துச் சென்றார்கள். பின்னர் வல்லுநர்கள் வந்து ஆராய்ந்து, அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட் என்னும் பண்டைக் கடலுயிரியைச் சுற்றிப் படிவுகள் திரண்டு உருவான கல்லுருண்டைகள் என்று தெரிவித்தார்கள்.

இதைக் கேட்டபோது நமக்கு வீரமாமுனிவரின் நினைவு வந்தது. திருமழபாடியிலிருந்து ஆற்றோரமாகக் கிழக்கே, திருமானூரைக் கடந்து சென்றால் ஏலாக்குறிச்சி வருகிறது. அதுவே அவர் திருக்காவலூர் என்று பெயரிட்டு, அடைக்கல அன்னைக்கு ஆலயம் எழுப்பி, பல்லாண்டுகள் பணியாற்றிய திருத்தலம். தேம்பாவணியைப் பாடிய அதே பெருமகனார்தாம் பரமார்த்த குரு கதையையும் எழுதினார். 1822ஆம் ஆண்டில் இலண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அச்சேறிய அந்நூலை அறியாத தமிழ்க் குடும்பம் உண்டோ? பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பிப் பொன் கொடுத்து வாங்கி வந்த சீடர்கள், அது கீழே விழுந்து உடைந்தபோது புதரிலிருந்து பாய்ந்த முயலைக் குதிரைக்குட்டி என்று எண்ணித் துரத்தியதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. கொள்ளிக்கட்டையை நீரில் தோய்த்து ஆறு விழித்திருக்கிறதா, உறங்குகிறதா என்று சோதித்த கதையைக் கொள்ளிடத்தைப் பார்த்துக்கொண்டே நினைப்பது தனிச் சுவை!

அந்தக் கதையில் முயலைப் பார்த்து நாம் சிரிப்பதில்லை; அது தன் உயிருக்கு அஞ்சி ஓடுகிறது. கேட்டதையெல்லாம் நம்பி ஓடும் மனிதரைப் பார்த்தே சிரிக்கிறோம். முந்நூறு ஆண்டுகள் ஆகியும் அந்த ஓட்டம் நிற்கவில்லை. அன்று காலால் ஓடினார்கள். இன்று விரலால் ஓடுகிறோம்.

மெய்யின் அதிசயம்

ஆனால் குன்னத்துக் கதையில் ஒரு திருப்பம் உண்டு. பொய்யாகச் சொல்லப்பட்டதைவிட மெய்யே அதிக வியப்பைத் தருகிறது. இந்த அரியலூர், பெரம்பலூர்ச் சீமை ஒரு காலத்தில் கடலாக இருந்தது. சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்த அம்மோனைட்டுகள் இங்கே நீந்தித் திரிந்து, டைனோசர்களுடன் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு மறைந்தன. அந்தக் கடலின் அடித்தரையைத்தான் இன்று சுண்ணாம்புக்கல்லாக வெட்டி, சிமெண்டாக்கி நம் வீட்டுச் சுவரில் பூசுகிறோம்! பெரம்பலூரை அடுத்த சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கிறது. 1940ஆம் ஆண்டில் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் அதை வெளிப்படுத்தினார். 2009ஆம் ஆண்டில் சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செந்துறைப் பக்கத்தில் உண்மையான டைனோசர் முட்டைப் படிமங்கள் கொத்துக் கொத்தாகக் கிடப்பதைக் கண்டறிந்து தெரிவித்தார்கள். ஆக, முட்டை இல்லாத ஊர் அன்று. நாம் முட்டை என்று காட்டியது முட்டை அன்று, அவ்வளவே.

இத்தகைய படிமங்களைக் காண விரும்புவோர் வாரணவாசியில் உள்ள அருங்காட்சியகத்துக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லலாம். கண்ட கல்லை உடைத்துப் பார்ப்பதும், வீட்டு அலமாரிக்கு எடுத்துச் செல்வதும் தகாது. புத்தகத்திலிருந்து ஓர் ஏட்டைக் கிழித்துக்கொண்டு போனால், அடுத்து வருபவர் கதையை எப்படிப் படிப்பார்?

இவ்வளவு சொல்லிவிட்டுக் கரைவெட்டியைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. கீழப்பழுவூர்ப் பக்கம் உள்ள அந்த ஏரி 1999ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாயிற்று. 2024 ஜனவரியில் ராம்சார் ஈரநிலம் என்ற உலக மதிப்பையும் பெற்றது. குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் இமயத்தைக் கடந்து இங்கு வந்து தங்குகின்றன. 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் பறக்கவல்லவை அவை. மாசிக் கடைசியில் நாம் சென்றபோது வந்த விருந்தாளிகளுள் பெரும்பாலானவை விடைபெற்றுவிட்டன. எனினும், மலையைத் தாண்டி வந்த இப்பறவைகளைப் பற்றிப் பரபரப்பாகச் செய்தி எதுவும் வருவதில்லை. ஆண்டுதோறும் தவறாமல் நிகழும் அதிசயம் செய்தியாவதில்லை போலும்!

வாசக அன்பர்களே, விலங்குச் செய்தியைப் படித்துச் சிரிப்பதில் பிழையில்லை. படைத்தவரின் கைவண்ணத்தில் நகைச்சுவையும் உண்டு. ஆனால் அதை அடுத்தவருக்கு அனுப்புமுன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வோம்: கண்டவர் யார்? கண்டது எங்கே, எப்போது? இதைப் பரப்புவதால் எவருக்கேனும், எவ்வுயிருக்கேனும் தீங்கு நேருமோ? "பொய்ச் சாட்சி சொல்லாதே" என்ற கட்டளை, வாய் திறந்து மறுக்க இயலாத உயிர்களைப் பற்றிப் பேசும்போதும் நம்மைக் கட்டுப்படுத்தும் அன்றோ? சிறுத்தையின் பெயரால் கிளம்பும் ஒரு பொய், ஆட்டுப்பட்டியில் ஒரு முதியவரின் உறக்கத்தைப் பறிக்கிறது. முதலை இல்லை என்னும் ஒரு பொய், ஒரு குழந்தையைத் துறைக்கு அனுப்பிவிடுகிறது. அடுத்த முறை எவரேனும் உங்களிடம் ஒரு முட்டையைக் கொண்டு வந்து நீட்டினால், அது பூசணிக்காயா என்று ஒருமுறை தட்டிப் பார்த்து வாங்குங்கள்.