துட்டி கேட்டல்

எங்கள் ஊர் மேலநீலிதநல்லூர். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்தவன் நான். ஆங்கிலம் என்றாலே அடிவயிறு கலங்கும்.

முதலாண்டில் ஆங்கில உரையாடல் வகுப்பு நடந்தது. பிறர் நல்ல செய்தி சொன்னால் 'கங்கிராஜுலேஷன்ஸ்'. கெட்ட செய்தி சொன்னால் 'ஐ ஆம் சாரி டு ஹியர் தட்'. இரண்டையும் பஸ்ஸில் நின்றபடியே உருப்போட்டேன்.

சங்கரன்கோவில் ஆடித்தபசு முடிந்த வாரம். பத்து நாள் விடுப்பிலிருந்த பேராசிரியர் ஒருவர் வராந்தாவில் எதிரே வந்தார். மொட்டை அடித்திருந்தார். திருச்செந்தூர் போய்வந்திருப்பார் போலும் என்று எண்ணிக்கொண்டு, "ஒய் லீவ், சார்?" என்று என் ஆங்கிலத்தை அவிழ்த்துவிட்டேன்.

"மை மதர் பாஸ்டு அவே" என்றார்.

எனக்குத் தெரிந்த 'பாஸ்' ஒன்றே ஒன்றுதான். அது பரீட்சையில் வருவது. அம்மா அஞ்சல் வழியில் ஏதோ தேர்வு எழுதியிருக்கிறார் என்று மகிழ்ந்து, "கங்கிராஜுலேஷன்ஸ், சார்!" என்றேன்.

அவர் ஒரு கணம் நின்றார். "வகுப்புக்குப் போ, தம்பி" என்று சொல்லிவிட்டு நடந்தார். நண்பன் பொருள் சொன்னபோது தரை பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

அன்றிரவு ஆச்சியிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தால், சிரிக்கவில்லை.

"ஏலே, மொட்டைத் தலையப் பார்த்துமா ஒனக்குத் தெரியல? துட்டின்னா கேக்கணும்ல. நீ சொல்லிட்டு வந்திருக்கே" என்றாள்.

பிறகு தந்திக் காலத்தைப் பற்றிப் பேசினாள். சொல்லுக்கு இவ்வளவு காசு என்பதால் இரண்டு மூன்று ஆங்கிலச் சொற்களில் சாவு வரும். படிக்கத் தெரிந்தவரைத் தேடி ஓடுவதற்குள் வீட்டில் அழுகை எழுந்துவிடும். 2013 ஜூலையில் தந்தி நின்றுபோனது. அந்த ஆங்கிலம் ஒரு சொல்லும் புரியாத என் ஆச்சி, எந்தத் துட்டி வீட்டிலும் தவறிப் பேசியவள் அல்லள். போவாள், கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள், அவர்கள் சொல்வதைக் கேட்பாள், போய் வருகிறேன் என்று சொல்லாமல் எழுந்து வருவாள்.

மறுநாள் பேராசிரியர் முன் போய் நின்றேன். படித்த வாக்கியம் வாயில் வரவில்லை. "சாரி, சார்" என்று மட்டும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேனா, துக்கம் கேட்டேனா? எனக்கே தெரியவில்லை.

"இரண்டுக்கும் அந்த ஒரு சொல்தான், தம்பி. புண் என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்தது அது" என்றார். எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். தம் தாயாரின் கடைசி நாட்களைத் தமிழில் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மணி அடித்ததும், சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்தேன்.

நண்பர்களே, வாழ்த்தவும் வருந்தவும் ஆங்கிலத்தில் கற்றுக்கொள்வோம். பிழைப்புக்கு அது வேண்டும். நான் உருப்போட்ட அந்த வாக்கியத்திலும் 'ஹியர்' என்றொரு சொல் இருக்கத்தான் செய்கிறது. ஆச்சி சொன்ன 'கேக்கணும்' அதுதான்.