ஒரு குரலும் இரு பெயர்களும்

புங்குடுதீவுக் கரையிலமைந்த குறிகட்டுவான் இறங்குதுறை, நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர் படகேறும் இடமாகும். நாகபூசணி அம்மனைத் தரிசிக்கச் செல்லும் சைவ அடியாரும், நாகவிகாரையை வழிபடச் செல்லும் சிங்கள யாத்திரிகரும் ஒரே படகிலேறி ஒரே தீவுக்குச் செல்வது இத்துறையின் வழமை. போரினால் அருகிப்போயிருந்த தென்னிலங்கை யாத்திரை 2009இன் பின்னர் மீண்டும் பெருகியது. அக்காலத்தில் இத்துறையில் பனங்கட்டியும் ஒடியலும் பினாட்டும் விற்கும் சிறு கடையொன்றைப் பெரியவர் ஒருவர் நடத்திவந்தார். எண்பதை அண்மிய வயது. யாத்திரிகர் விலை கேட்டால் விரல்களைக் காட்டி விடையளிப்பாரேயன்றி வாய்திறந்து பேசமாட்டார். அவருக்குச் சிங்களம் தெரியாதென்றே அயலிலுள்ள இளைஞர்கள் எண்ணியிருந்தனர்.

வெசாக் காலத்து முற்பகலொன்றில், படகுக்குக் காத்திருந்த சிங்கள மூதாட்டியர் சிலர் பழைய பாடலொன்றைப் பாடத் தொடங்கினர். 'சிறி புத்தகயா விகாரே' என்னும் பாடல் அது. சில அடிகளின் பின் அவர்களுக்குச் சொல் மறந்தது. பாட்டுத் தடுமாறி நின்ற வேளையில், கடையினுள்ளிருந்து அடுத்த சொல் வந்தது. எடுத்துக்கொடுத்தவர் பெரியவர். இளைஞர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

தீவகத்தார் தென்னிலங்கை நகரங்களில் கடை வைத்து வாழ்ந்த வரலாறு நீண்டது. சிறப்பாகப் புங்குடுதீவார் கால் பதிக்காத சிங்களப் பட்டினம் அரிது எனலாம். இப்பெரியவரும் 1946இல், தமது 13ஆம் வயதில், உறவினர் ஒருவரின் கடைக்குச் சிப்பந்தியாக மாத்தறைக்குச் சென்றவர். மறு ஆண்டு, 1947 ஜனவரி 21ஆம் திகதி, முதலாவது சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொறொந்துவ' கொழும்பில் திரையிடப்பட்டது. அது மாத்தறைக்கு வந்தபோது, கடைச் சிறுவன் முதலாளிக்குத் தெரியாமல் அதனைப் பார்த்தான். மொழி பாதி விளங்கவில்லை. கதாநாயகியின் குரல் முழுவதும் விளங்கிற்று. அவளுடைய பாடல்களை முணுமுணுத்தே அவன் சிங்களம் கற்றான்.

அக்கதாநாயகியே ருக்மணி தேவி. 1923 ஜனவரி 15ஆம் திகதி நுவரெலியா மாவட்டத்து இறம்பொடையில் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் டெய்சி இராசம்மா டானியல்ஸ். தமிழ் வழிவந்த கொழும்புச் செட்டிக் குடும்பம், சமயம் கிறித்தவம். சிறு வயதிலேயே நாடக மேடையேறிய அவர், பதின்மப் பருவத்தில் எச். டபிள்யூ. ரூபசிங்கவுடன் இணைந்து இசைத்தட்டில் பாடியதே 'சிறி புத்தகயா விகாரே'. கிறித்தவத் தமிழ்ச் சிறுமி ஒருத்தியின் குரலிற் பதிவான பௌத்த யாத்திரைப் பாடலைத்தான், எழுபது ஆண்டுகளின் பின் நாகவிகாரைக்குச் செல்லும் மூதாட்டியர் குறிகட்டுவானிற் பாடிக்கொண்டிருந்தனர்.

பின்னர் அவர் பி. ஏ. டபிள்யூ. ஜயமான்னவின் மினர்வா நாடகக் குழுவிற் சேர்ந்தார். அவருடைய தம்பியும் நகைச்சுவை நடிகருமான எடி ஜயமான்னவை மணந்தார். அக்குழு மேடையேற்றிய நாடகமே 'கடவுனு பொறொந்துவ'. அதனைப் படமாகத் தயாரித்தவர் தென்னிந்தியரான எஸ். எம். நாயகம், படம் உருவானது மதுரையில், நெறியாண்டவர் வங்காளியான ஜோதிஷ் சிங். சிங்களத் திரையின் முதற்குரல் தமிழ் மண்ணிலேதான் பதிவாயிற்று. சேலத்திற் பிறந்த முகமதியரான மொஹிதீன் பேக்குடன் ருக்மணி பாடிய இணைப்பாடல்களும் சிங்கள இல்லங்கள்தோறும் ஒலித்தன. பிறப்பும் சமயமும் வேறாகிய இருவர் ஒரு மக்களின் நெஞ்சத்து இசையாயினர்.

காலம் மாறியது. 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' புதிய நெறியொன்றைத் தொடக்கிவைத்தது. இளைய நடிகையர் வந்தனர். ருக்மணியின் படவாய்ப்புகள் சுருங்கின. களியாட்ட விழாக்களிலும் இசை நிகழ்ச்சிகளிலும் பாடியே அவர் காலங்கழித்தார். 1978 ஒக்ரோபரில் மாத்தறையில் பாடிவிட்டு நீர்கொழும்பிலுள்ள இல்லத்துக்குத் திரும்புகையில், 28ஆம் திகதி, ஜாஎலையை அடுத்த துடெல்லையில் நேர்ந்த வாகன விபத்தில் உயிரிழந்தார். வயது 55. இலங்கையில் தொலைக்காட்சி தொடங்கியது மறு ஆண்டு ஏப்ரலிலேயே. வீட்டுக்குள் வந்து முகங்காட்டும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

அந்த இறுதி இசையிரவில் மாத்தறைக் கூட்டத்தின் நடுவே கடைக்காரரும் நின்றார். மறுநாள் செய்தி வந்தது. அதன் பின்னர் தமிழ்ப் பத்திரிகையிலேதான் 'இராசம்மா' என்ற பெயரை முதன்முதலாக வாசித்தார். தீவகத்தில் ஒழுங்கைக்கு ஒரு இராசம்மா உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுவந்த குரலுக்கு அத்தனை அயற்பெயர் இருந்ததை அறிந்து அவர் அன்று கடையைப் பூட்டிவிட்டு இருந்தாராம்.

ஐந்தாண்டுகள் கழிந்து 1983 ஜூலை வந்தது. ஹெந்தளையிலிருந்த விஜயா படப்பிடிப்பகம் எரியூட்டப்பட்டது. சிங்களப் படங்களை இயக்கிய தமிழரான கே. வெங்கட் கொல்லப்பட்டார். சிங்களத் திரையைக் கட்டியெழுப்பிய தமிழ்க் கைகளை அந்த நெருப்பு நினைத்துப் பார்க்கவில்லை. மாத்தறைக் கடையும் எரிந்தது. உடுத்த துணியுடன் ஊர் திரும்பிய அவர், பின்னர் 1991இல் அவ்வூரையும் விட்டு இடம்பெயர்ந்து, ஆண்டுகள் பல கழித்தே மீண்டார். 1983இன் பின் சிங்களச் சொல்லொன்றும் அவர் வாயினின்று வந்ததில்லை, அந்த முற்பகல்வரை.

சொல் எடுத்துக்கொடுத்தவரை மூதாட்டி ஒருவர் வியப்புடன் நோக்கி, "முதலாளிக்கு இந்தப் பாட்டு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"முப்பத்தேழு வருடம் மாத்தறையில் இருந்தேன், அம்மா" என்றார் பெரியவர். பின்பு, நெடுநாள் அடக்கிவைத்திருந்த ஒன்றைச் சொல்பவர்போல, "நீங்கள் பாடுகிறவளின் பெயர் ருக்மணி அல்ல, இராசம்மா. அவள் தமிழ்ப் பெண்" என்றார்.

மூதாட்டி சிறிது நேரம் பேசவில்லை. "அந்தப் பெயர் எங்களுக்குத் தெரியாது. ஆனால் அவள் செத்த அன்று எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை" என்றார்.

வழக்கை வென்றுவிட எண்ணிச் சொன்னவருக்கு அதற்கு விடை கிடைக்கவில்லை. படகு வந்தது, அவர்கள் சென்றனர்.

அன்று மாலை இளைஞர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு, "எங்கட ஆளை அவையள் தங்கட ஆள் எண்டு வைச்சிருக்கினம், என்ன அப்பு?" என்று கேட்டனர். பெரியவர் தம் தமக்கையின் கதையைச் சொன்னார். தமக்கைக்கு நல்ல குரல். பள்ளிக்கூட விழாவொன்றில் பாடியதற்காகத் தகப்பனார் அவளை அடித்து, அத்துடன் படிப்பையும் நிறுத்தினார். ஊர்க் கூத்தில் சீதையும் சந்திரமதியும் ஆண்களே. மீசையை மழித்துக்கொண்டு ஆடுவர். பெண் மேடையேறுவது குடும்பத்துக்கு மானக்கேடு எனக் கருதப்பட்ட காலம். தமக்கை பின்னர் அடுப்படியிலும் பாடியதை அவர் கேட்டதில்லை.

"உரிமை கொண்டாடிறதுக்கு முதல் மேடை குடுத்திருக்க வேணும், தம்பி" என்று அவர் முடித்தார்.

இக்கூற்றிலே கசப்பான உண்மையொன்று உண்டு. சிங்கள மேடை இராசம்மாவுக்கு இடமளித்தது. ஆனால் பெயரைக் கழற்றி வைத்துவிட்டு வருமாறு கேட்டது. தமிழ் மேடையோ பெயரை வைத்துக்கொள்ளச் சொல்லி, வீட்டிலேயே இருக்கச் சொன்னது. இரண்டில் எது பெரிய இழப்பென்று தீர்ப்பது எளிதன்று. இறந்தபின் அவரைத் தம்மவர் என்போர் இரு தரப்பிலும் உளர். வாழ்ந்தபோது அவர் கொடுத்த விலையை எண்ணியோர் சிலரே.

படகு சென்றடையும் நயினாதீவைப் பற்றிப் பழங்கதையொன்று வழங்குகிறது. ஓர் ஆசனத்துக்காக மாமனும் மருகனுமாகிய நாக மன்னர் இருவர் போரிட்டனரென்றும், புத்தர் வந்து அவர்களை அமைதிப்படுத்தினரென்றும் மகாவம்சம் கூறும். ஆசனத்துக்காக இரு நாக மன்னர் பொருத கதையை மணிமேகலையும் மணிபல்லவத்தில் வைத்துக் கூறும். அறிஞர் பலர் அம்மணிபல்லவத்தை நயினாதீவெனக் கொள்வர். சிங்களவர் போற்றும் நூலும் தமிழர் போற்றும் நூலும் ஒரே சண்டையைச் சொல்லி, அது வீண் சண்டையென்றே முடிக்கின்றன. அவ்வாசனத்தைத் தொழுது தன் பழம்பிறப்பை உணர்ந்த மணிமேகலையும் ஆடல்மகள் மாதவியின் மகளே.

அப்பெரியவர் இன்றில்லை. ஆயினும் அம்முற்பகலின் பின், இறக்கும்வரை, யாத்திரிகர் விலை கேட்டால் அவர் விரலைக் காட்டவில்லை. வாய்திறந்து சிங்களத்திலேயே விடை சொன்னார்.