சிங்க்குக்கு அடியில்

மில்வாக்கி, நவம்பர் 3, 2024, ஞாயிறு

தீபாவளி வியாழக்கிழமையே போய்விட்டது. விருந்தை நேற்றுதான் வைக்க முடிந்தது. பதினெட்டுப் பேர். இன்று காலை சிங்க்குக்குக் கீழே கதவைத் திறந்தால் சோப்பு டப்பாக்கள் எல்லாம் தண்ணீரில் நிற்கின்றன.

டார்ச் அடித்துப் பார்த்தேன். மிச்ச உணவை அரைக்கும் டிஸ்போசலின் கழுத்து காய்ந்துதான் கிடக்கிறது. டிஷ்வாஷர் குழாய் வந்து சேரும் பக்கமும் ஈரமில்லை. அடிவயிற்றில், சிவப்பு ரீசெட் பொத்தானைச் சுற்றித்தான் சொட்டுகிறது. கழுத்தில் ஒழுகினால் கழற்றிப் புட்டி வைத்து மாட்டிவிடலாம். பக்கவாட்டில் என்றால் கிளாம்பை முறுக்கினால் தீர்ந்தது. அடியில் ஒழுகினால் உள்ளே சீல் போய்விட்டது, இனி வைத்தியம் கிடையாது. வீடு வாங்கும்போதே இருந்த மெஷின். எங்களிடம் மட்டும் பதினோரு வருடம் உழைத்துவிட்டது. குறை சொல்ல வாயில்லை.

அம்மா ஊரிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகிறது. பக்கெட் வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "ஏய்யா, மிச்சச் சோத்த அரைச்சு சாக்கடையில விடுததுக்கு ஒரு மிசினா?" என்றாள். பதில் சொல்லவில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

ஓட்டுப் போடும் வரிசையில் முக்கால் மணி நேரம். விஸ்கான்சினில் இருப்பவனுக்கு இந்த இரண்டு மாதமாகத் தேர்தல் அழைப்புகளால் போன் எடுக்கவே பயம். அதனால் வந்த அழைப்புகளை விட்டுவிட்டு, போனில் டிஸ்போசல் பற்றிப் படித்தேன்.

மூன்றில் ஒரு பங்கு குதிரைத்திறன், அரை, முக்கால், ஒன்று என்று போகிறது. அரைக் குதிரை வரை பெரும்பாலும் உள்ளே துத்தநாகப் பூச்சு போட்ட இரும்பு. மேலே போகப் போக எவர்சில்வர். நம் வீட்டில் தினமும் புளித்தண்ணீரும் உப்பும் இறங்குகிற இடத்தில் பூச்சு எத்தனை நாள் நிற்கும்? என் கணக்கில் திறனைவிட இதுதான் முக்கியம்.

மோட்டாரிலும் இரண்டு ஜாதி. காந்தம் வைத்தது எடை குறைவு, நிமிடத்துக்கு 2,600, 2,800 சுற்று என்று பறக்கும். இண்டக்‌ஷன் மோட்டார் கனம், 1,725 சுற்றுதான். பெட்டியில் பெரிய எண்ணைப் பார்த்து மயங்குகிறவர்களுக்காகத்தான் முதலாவதை விற்கிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மூடியைத் திருகினால் மட்டும் ஓடும் வகையும் உண்டு. கை உள்ளே போகாது என்பதால் அம்மா இருக்கும் வீட்டுக்கு நல்லதோ என்று யோசித்தேன். என் மனைவி ஒரே வரியில் முடித்துவிட்டாள்: "ஒவ்வொரு தடவையும் மூடி தேடிக்கிட்டு நிக்க என்னால முடியாதுங்க."

நவம்பர் 7, வியாழன்

நியூயார்க்கில் இருக்கும் மச்சினனுக்குப் போன் போட்டேன். அவனுக்கு இந்தச் சாதனமே அலட்சியம். 1997 வரை அவன் ஊரில் இதற்குத் தடை. பழைய சாக்கடைக் குழாய்கள் தாங்காது என்று பயம். அவன் இருக்கும் கட்டடத்தில் இன்றும் அனுமதியில்லை. நம் ஊர் அப்படி இல்லை என்று சொல்லிக் கொஞ்சம் பெருமையடித்தேன். இங்கிருந்து தெற்கே ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், ரசீன். அங்கேதான் ஜான் ஹேம்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1927-இல் இதை உருவாக்கினார். காப்புரிமை 1935-இல் கிடைத்தது, 1938-இல் இன்சிங்க்கரேட்டர் கம்பெனி. பிறந்த ஊர்ப் பாசம் என்று நானும் ரசீன்காரர்கள் பண்டத்தையே எடுப்பதாக முடிவு செய்தேன். முக்கால் குதிரை, உள்ளே எவர்சில்வர்.

வாங்குவதற்கு முன் அளவு. புதிய மெஷினில் தண்ணீர் வெளியேறும் வாய் சுவர்க் குழாயைவிடத் தாழ்ந்துவிட்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கி நாறும். ஒரு குதிரை மெஷினை விட்டதற்கு முதல் காரணம் அதன் உயரம். நாலு பேர் வீட்டுக்கு அது வெறும் ஜம்பம் என்பது இரண்டாவது.

நவம்பர் 9, சனி

பழையதைக் கழற்றிக் கவிழ்த்தேன். இரண்டு புளியங்கொட்டை, கறிவேப்பிலைக் காம்புகள் திரித்த கயிறு போல ஒன்று, அரை டீஸ்பூன். அரை டீஸ்பூன் என்றால் அளவு அல்ல, ஸ்பூனில் பாதி.

அம்மா எட்டிப் பார்த்து, கத்தி எங்கே என்று கேட்டாள். கத்தியே இல்லை என்றேன். ஒரு வட்டத் தட்டு, அதன்மேல் ஆடுகிற இரண்டு இரும்புத் துண்டு. தட்டு சுற்றுகிற வேகத்தில் போட்டதெல்லாம் ஓரத்துக்கு வீசப்பட்டு, அங்கே இருக்கும் சொரசொர வளையத்தில் உரசித் தூளாகும்.

"அப்பம் மிக்ஸி மாதிரி இல்ல. தேங்கா திருவுத மாதிரின்னு சொல்லு."

இத்தனை வருடம் நான் கத்தி என்றுதான் நினைத்திருந்தேன், இந்த வாரம் படிக்கும்வரை. திருவுவதால்தான் நார் ஆகாது. முருங்கைக்காய்ச் சக்கை, வாழைப்பூ மடல், தேங்காய் நார் எதுவும் தூளாகாமல் சுற்றிக்கொள்ளும். சோறு தூளாகும், ஆனால் குழாய் வளைவில் போய் ஊறிப் பசையாக உட்காரும். எண்ணெய், நெய் வேண்டவே வேண்டாம்.

புட்டியை உருட்டிச் சிங்க் வாயில் வைத்து, வளையத்தை மாட்டி, மெஷினைத் தோளில் தாங்கி ஒரு திருகு. பதினைந்து நிமிடம் என்று காணொளியில் சொன்னார்கள். எனக்கு மூன்று மணி நேரம்.

நவம்பர் 10, ஞாயிறு

டிஷ்வாஷரைத் திறந்தால் அடியில் அழுக்குத் தண்ணீர் குளமாக நிற்கிறது. இவள் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

காரணம் மெஷினோடு வந்த புத்தகத்தின் முதல் பக்கங்களிலேயே இருக்கிறது. டிஷ்வாஷர் குழாய் சேரும் மூக்கைக் கம்பெனியில் அடைத்தே அனுப்புகிறார்கள். டிஷ்வாஷர் இருப்பவர்கள், மாட்டுவதற்கு முன் ஸ்க்ரூடிரைவர் வைத்து ஒரு தட்டுத் தட்டி அந்த அடைப்பைப் பெயர்க்க வேண்டும். நான் தட்டவில்லை. மல்லாந்து படுத்துக் குழாயைக் கழற்றினேன், முகத்தில் நேற்றைய சாம்பார் வாசனையோடு அரை வாளி. தட்டினேன். அடைப்பு உள்ளே விழுந்தது. அதை இடுக்கியால் எடுக்க இன்னொரு அரை மணி.

நவம்பர் 14, வியாழன்

சாக்கடைக்குப் போகிறது என்ற குறை அம்மாவுக்கு இன்னும் தீரவில்லை. கராஜில் கிடந்த மில்லார்கனைட் உர மூட்டையைக் காட்டினேன். இந்த ஊர்க் கழிவுநீர் ஜோன்ஸ் ஐலண்டு சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அங்கே அதைத் தின்று வளர்கிற நுண்ணுயிர்களைக் காயவைத்து உரமாக விற்கிறார்கள், 1926-இலிருந்து. நாம் அரைத்துவிட்டதும் அதில் கொஞ்சம் இருக்கும் என்றேன். மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்து, விரலில் உருட்டி, முகர்ந்து பார்த்தாள்.

"எரு மாதிரிதான் இருக்கு. எம்புட்டு?"

விலையைச் சொன்னேன். கையைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நவம்பர் 29, வெள்ளி

தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள். பிளம்பர்களுக்கு வருடத்திலேயே அதிக வேலை இன்றுதானாம், பழுப்பு வெள்ளி என்று பெயரே வைத்திருக்கிறார்கள். நேற்று எங்கள் வீட்டில் வான்கோழி இல்லை, புளியோதரை.

காலையில் சுவிட்சைப் போட்டேன். சுற்றவில்லை, 'ம்ம்ம்' என்று முனகல் மட்டும். உடனே அணைத்து, பிரேக்கரையும் இறக்கினேன். கூட வந்த அறுகோணச் சாவியை அடியில் நடுத் துளையில் செருகி இப்படியும் அப்படியும் திருப்பினால் கழன்றுவிடும். சாவியைத்தான் காணோம். மெஷினிலேயே டேப் போட்டு ஒட்டியிருக்க வேண்டும், ஒட்டவில்லை.

அம்மாதான் ஊறுகாய் பாட்டில்களுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தாள். திருப்பினேன், எதுவோ 'டக்'கென்றது, ரீசெட்டை அமுக்கினேன். பிரேக்கரை ஏற்றுவதற்கு முன் இடுக்கியால் துழாவி எடுத்தேன். புளியங்கொட்டை.

"நான் போடல," என்றாள் அம்மா, நான் திரும்பிப் பார்ப்பதற்குள்.

இவள் சாயங்காலம் கடையில் எவர்சில்வர் வடிகட்டி இரண்டு வாங்கி வந்தாள். ஒன்று சிங்க்குக்கு. இன்னொன்று எதற்கு என்று கேட்டேன். "இது தொலையுமில்ல, அப்பக்கி."